வலது கைக்கு மூன்று நாள் லீவு

தன் வலது கையை "அண்ணாச்சி" என்றும் இடது கையைச் "சின்னவன்" என்றும் கூப்பிட்டு, இரண்டு பேருக்கும் சண்டை வந்தால் நடுவில் உட்கார்ந்து பஞ்சாயத்தும் பண்ணிவைத்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் பிறந்திருக்க முடியும். அவர் பிறந்தது தூத்துக்குடிப் பக்கம். வேலை பார்த்தது திருப்பூர் நெருப்பெரிச்சலில், ஒரு எம்பிராய்டரி கம்பெனியின் மாடியில், எனக்கு அடுத்த நாற்காலியில்.

ஞானஸ்நானத்தின்போது அவருக்கு வாய் நிறைய ஒரு நல்ல பெயர் வைத்திருந்தார்கள். அது வருகைப் பதிவேட்டோடு சரி. கம்பெனியில் எல்லோருக்கும் அவர் கரண்டி மாஸ்டர்.

ஃப்ளாப்பி இன்னும் சாகாத, செல்போன் வைத்திருந்தவர்களும் மிஸ்டு கால் மட்டுமே கொடுத்துக்கொண்டிருந்த காலம். எங்கள் வேலைக்குப் பெயர் பஞ்சிங். வெளிநாட்டுக்காரர் ஒரு கரடிப் படம் அனுப்புவார். குழந்தைகள் டி-ஷர்ட்டின் நெஞ்சில் அந்தக் கரடி நூலில் வர வேண்டும். எம்பிராய்டரி மெஷினுக்குக் கரடியைத் தெரியாது. ஊசி எங்கே இறங்க வேண்டும், எங்கே ஏற வேண்டும், அவ்வளவுதான் தெரியும். அதை ஒவ்வொரு புள்ளியாக மவுஸால் குத்திக் குத்திச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒரு கரடியை முடிப்பதற்குள் ஆள்காட்டி விரல் கழன்று மேஜையில் தனியாக ஓடிவிடும் போலிருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலை மாடியேறினேன். ஏசி ரூம். கம்ப்யூட்டருக்காகப் போட்ட ஏசி. அதன் தயவில் மனிதர்களுக்கும் கொஞ்சம் காற்று. உள்ளே ஒருவர் திரையைப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்தார். இருபத்தெட்டு வயது இருக்கும். அவருடைய வலது முன்கையில் ஒரு எவர்சில்வர் குழிக்கரண்டி. காம்பைக் கையோடு சேர்த்து, ஜட்டி இடுப்புக்கு வைத்துத் தைக்கும் அகல எலாஸ்டிக்கால் சுற்றியிருந்தார். கவிழ்த்த குழியின் மேல் மணிக்கட்டு, பல்லக்கில் ஏறிய மாதிரி உட்கார்ந்திருந்தது.

"என்னலே பாக்கே?"

"கரண்டிங்ணா…"

"கரண்டிதான். அண்ணாச்சிக்கு முடியல. முட்டுக் குடுத்துருக்கேன்."

"எந்த அண்ணாச்சிங்ணா?"

அவர் வலது கையை மெல்லத் தூக்கிக் காட்டினார். "இவியதான். மூத்தவரு. வணக்கம் சொல்லு."

நான் அந்தக் கைக்கு வணக்கம் சொன்னேன். முதல் நாள் அல்லவா? யார் பெரியவர், யார் சின்னவர் என்று தெரியாத இடத்தில் எதற்கு வேண்டுமானாலும் வணக்கம் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் வந்திருந்தேன்.

அந்தக் கரண்டி கம்பெனி மெஸ்ஸினுடையது. பகல் பன்னிரண்டே முக்காலுக்கு மெஸ் அக்கா மூச்சு வாங்க மாடியேறி வருவார்.

"ஏனுங்க மாஸ்டர், கரண்டியக் குடுங்க. சாம்பாரு கொதிச்சுக் கெடக்குது."

"அண்ணாச்சி இப்பத்தான் செத்தக் கண்ணசந்தாரு. அஞ்சு நிமிசம் பொறுங்கக்கா."

"எண்பது பேரு தட்டத் தூக்கிட்டு நிக்கறாங்க. உங்க அண்ணாச்சிய அப்பறமாத் தாலாட்டுங்க."

எலாஸ்டிக் அவிழும். கரண்டி சாம்பாருக்குப் போகும். இரண்டு மணிக்குக் கழுவித் திரும்பி வரும். எவ்வளவு கழுவினால் என்ன? ஒரு நாள் மாஸ்டரின் மவுஸ் நகர மறுத்தது. அடியில் மூடியைத் திருகி உருண்டையை வெளியே எடுத்தோம். உள்ளே ஒரு துவரம்பருப்பும் அதை எப்படித் தூக்கிப் போவதென்று ஆலோசித்துக்கொண்டிருந்த ஏழெட்டு எறும்புகளும் இருந்தன.

இத்தனை கூத்தையும் முதலாளி எப்படிச் சகித்தார் என்று கேட்பீர்கள். மாஸ்டர் மாதிரி பஞ்சிங் போட அந்த வட்டாரத்தில் ஆளில்லை என்பது ஒரு காரணம். முதலாளிக்குக் கோபம் என்பதே வராது என்பது இன்னொன்று. ஒருவரை வேலையை விட்டு அனுப்புவதாக இருந்தால்கூட, "சாப்டுட்டுப் போங்க" என்று சொல்லித்தான் அனுப்புவார். எனக்கு முன்னால் என் நாற்காலியில் இருந்தவரின் கதையை முதலாளியே முதல் வாரத்தில் சொன்னார்.

"உங்களுக்கு முந்தி இருந்த தம்பி நல்ல பையனுங்க. என்னமோ மணிக்கட்டு நோவுதுன்னாரு. செரீங்க தம்பி, கை நல்லாகட்டும், ஊட்டுல போயி இருங்கன்னு அனுப்பிச்சு வெச்சேன். ஆச்சுங்க ரெண்டு வருசம். இன்னும் நல்லாயிட்டே இருக்குது."

சொல்லிவிட்டு, "நீங்க மூணு மாசம் பாருங்க தம்பி. செட்டாச்சுன்னா நிரந்தரம் பண்ணிப் போடலாம்" என்று என் தோளைத் தட்டினார்.

இரண்டாவது மாதம் எனக்கு மணிக்கட்டு வலி வந்தது.

முதலில் கட்டை விரலுக்குக் கீழே எறும்பு ஊர்வது போல இருந்தது. பிறகு டீ டம்ளர் கனத்தது. பிறகு ரூம் பூட்டில் சாவி திரும்பவில்லை. துவைத்த சட்டையைப் பிழிய முடியாமல் சொட்டச் சொட்டக் கொடியில் போட்டேன், கீழ் போர்ஷன்காரர், "மேல மழைங்களா?" என்று கேட்டார். வலி முழங்கை வரை ஏறியது. ஆனால் வாயைத் திறந்தால் 'கை நல்லாகட்டும்' பட்டியலில் இரண்டாவது ஆளாகச் சேர்ந்துவிடுவேன். வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டிலாவது சொல்லலாமே என்றால், அது இன்னும் கஷ்டம். அப்பா எங்கள் ஊரான கொமரலிங்கத்தில் அடுத்தவர் வயலில் மண்வெட்டி பிடிக்கிறவர். காலையில் குனிந்தால் சாயங்காலம்தான் நிமிர்வார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். தாராபுரத்தில் கம்ப்யூட்டர் கோர்ஸும் படித்தவன். ஞாயிற்றுக்கிழமை காசு போடும் போனிலிருந்து பக்கத்து வீட்டுக்குக் கூப்பிட்டால் அம்மா ஓடி வந்து பேசுவார்.

"சாமி, இன்னமும் அந்த ஏசி ரூம்லதான் உக்கார வெக்கறாங்களா?"

"ஆமாம்மா."

"கனமா ஒண்ணும் தூக்கச் சொல்லுலியே?"

"இல்லம்மா. சும்மா ஒரு சின்ன டப்பி மாதிரி இருக்கும். அத நகத்தோணும். அவ்வளவுதான்."

"உங்கப்பன்கிட்டச் சொல்றேன். சந்தோசப்படும்."

மண்வெட்டி பிடிக்கிற மனிதரிடம் போய், 'அந்தச் சின்ன டப்பியை நகர்த்தி நகர்த்திக் கை போச்சுங்கப்பா' என்று எந்த மகன் சொல்லுவான்? நானும் சொல்லவில்லை. ரூமில் இரவல் தைலம் தடவிக்கொண்டு, கம்பெனிக்கு வருவதற்கு முன் வாசனை போகச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டேன்.

நான் இப்படி மூடி மூடி வைத்திருக்க, பக்கத்து நாற்காலியில் அதே வலிக்குத் திருவிழா நடந்துகொண்டிருந்தது. மாஸ்டருக்கு ரகசியம் என்ற பழக்கமே கிடையாது. காலையில் வந்ததும், "அண்ணாச்சி ராத்திரி தூங்கலலே. புரண்டு புரண்டு படுத்தாரு" என்று அறிக்கை வாசிப்பார். அயர்னிங் டேபிளுக்குப் போய், டி-ஷர்ட்டுகளுக்கு நடுவே கையை நீட்டி, "இதுக்கும் செத்த ஆவி காட்டுங்கய்யா, சுருக்கம் போவட்டும்" என்பார். சர்பத் கடையில் ஐஸ் வாங்கி, பனியன் வேஸ்ட் துணியில் முடிந்து, மணிக்கட்டில் கட்டிக்கொண்டு வருவார். அது உருகிக் கீபோர்டில் இறங்கி, ஒரு வாரத்துக்கு எந்த எழுத்தை அழுத்தினாலும் இரண்டு இரண்டாக விழுந்தது.

இவற்றுக்கெல்லாம் சிகரம், பதினோரு மணிக் கச்சேரி. ஊரில் மாதா கோயில் பாடகர் குழுவைக் கையசைத்து நடத்தியவராம் அவர். எங்கள் ரூமில் ஒரு கண்ணாடி ஜன்னல் உண்டு. கீழே பார்த்தால், ஒரே நேரத்தில் இருபது துணியில் தைக்கும் இருபது தலை எம்பிராய்டரி மெஷின் டகடகவென்று ஓடுவது தெரியும். பதினோரு மணிக்கு மாஸ்டர் எழுந்து கண்ணாடி முன் நிற்பார். கரண்டியைக் கழற்றுவார். தொண்டையைச் செருமுவார். இரண்டு மணிக்கட்டுகளையும் மேலும் கீழும் சுழற்றி அந்த இருபது ஊசிகளுக்கும் தாளம் கொடுக்க ஆரம்பிப்பார்.

"சோப்ரானோ, ஏறு… ஏறு… ஆங்! பதினாலாம் நம்பரு, சுதி போவுது!"

ஒரு நாள் உண்மையிலேயே பதினாலாம் தலையில் நூல் அறுந்து, மெஷின் நின்று, சிவப்பு விளக்கு எரிந்தது. அன்றிலிருந்து ஆபரேட்டர்களுக்கு அவர் மேல் ஒரு பயம். கீழே செக்கிங்கில் இருந்த பெண்கள் பதினோரு மணிக்கு வேலையை வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்துச் சிரிப்பார்கள். அவர் குனிந்து வணக்கம் சொல்வார்.

"நீயும் வாலே. கையச் சுத்து. நல்லாருக்கும்."

"எனக்கு ஒண்ணுமில்லீங்ணா" என்பேன், கையை மேஜைக்கடியில் வைத்துக்கொண்டு.

அவர் ஒரு விநாடி என்னைப் பார்ப்பார். பிறகு பதினாலாம் நம்பரிடம் திரும்பிவிடுவார்.

இப்படியிருக்கையில் ஒரு வியாழக்கிழமை காலை மாஸ்டர் கையில் ஒரு தாளோடு முதலாளி அறைக்குப் போனார். ஃபைல் வைக்கும் சாக்கில் நானும் போனேன். முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். தாளைத் திருப்பிப் பார்த்தார். தலைகீழாகவும் பார்த்தார். எழுத்து, மையில் விழுந்த பூச்சி உயிருக்குப் போராடியது போலிருந்தது. அதில் இருந்தது இதுதான்:

"அனுப்புநர்: வலது கை, பஞ்சிங் பிரிவு. பெறுநர்: உயர்திரு முதலாளி அவர்கள். ஐயா, நான் தங்கள் கம்பெனியில் ஒரு நாள்கூட ஓய்வின்றி உழைத்து வருகிறேன். வேலை முடிந்து வீட்டுக்குப் போனாலும் சாப்பாடு, பல் துலக்கல் முதலிய பொறுப்புகள் என் மேல்தான். என் தம்பி இடது கை சும்மாவே இருக்கிறான். ஆகவே எனக்கு வியாழன் முதல் சனி வரை மூன்று நாள் லீவு அளிக்கக் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிந்துள்ள, வலது கை. பின்குறிப்பு: எனக்கு முடியாததால் இதைத் தம்பி எழுதினான். எழுத்துக்கு மன்னிக்கவும்."

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏனுங்க மாஸ்டர், கைக்கு லீவு உட்டா, கை மட்டும் ஊருக்குப் போகுமுங்களா?"

"ஊருக்கெல்லாம் போவாது மொதலாளி. இங்கனதான் எம் மடியில படுத்துருக்கும்."

"அப்ப வேலை?"

"சின்னவன் பாத்துக்கிடுவான். கடையில அண்ணாச்சி இல்லாத நேரம் தம்பி கல்லாவுல உக்காருததில்லையா?"

"உங்களையாட்ட இன்னொரு ஆளு கெடச்சிருந்தா உங்களைய எப்பவோ அனுப்பிச்சிருப்பனுங்க" என்று அன்பாகச் சொல்லிவிட்டு, முதலாளி பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். இந்திய ஆடை உற்பத்தி வரலாற்றில் ஒரு தனிக் கைக்கு லீவு சாங்ஷன் ஆனது அதுவே முதல் முறையாக இருக்கும்.

வலது கை மடியில் படுத்தது. சின்னவன் மவுஸைப் பிடித்தான். திரையில் அம்பு, கள்ளுக்கடையிலிருந்து சைக்கிளில் திரும்புகிறவர் மாதிரி போயிற்று. மாஸ்டர் ஒரு புள்ளி வைக்கும் நேரத்தில் நான் பத்து வைத்தேன். அதனால் என்ன ஆயிற்று என்றால், சனிக்கிழமை வந்த அவசர வேலை என் தலையில் விழுந்தது.

அதுதான் கரடி. ஒரு கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, ஒரு கையில் பலூன் பிடித்துக்கொண்டு, மறு கையை ஆட்டி டாட்டா காட்டும் கரடி. இருபது சாம்பிள் பீஸ். நாலு மணி கூரியரில் போயாக வேண்டும்.

"தம்பி, இது நீங்க தனியாப் போடுங்க. நல்லா வந்துச்சுன்னா மூணு மாசமெல்லாம் எதுக்குங்க? திங்கக்கிழமையே நிரந்தரம்" என்றார் முதலாளி.

காலை ஒன்பதுக்கு ஆரம்பித்தேன். கரடியின் ஒரு பாதியை, சிமிட்டும் கண், பலூன் எல்லாம் சேர்த்து, பதினொன்றரைக்கு முடித்தபோது என் கை என்னுடையதாக இல்லை. விரல்களை மடக்கினால் மடங்கவில்லை. மறு பாதி அப்படியே பாக்கி. அப்போதுதான் எனக்கு அந்த அற்புத யோசனை வந்தது. கம்ப்யூட்டரில் 'மிரர்' என்று ஒரு வசதி உண்டு. போட்ட பாதியைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பி மறு பக்கத்தில் ஒட்டிவிடும். கரடிக்கு இரண்டு பக்கமும் ஒரே காதுதானே, ஒரே கால்தானே? ஒட்டிவிட்டு, கண்ணையும் கையையும் மட்டும் மாற்றிவிடலாம். பாதிக் கிளிக் மிச்சம்!

ஒட்டினேன். கையை அக்குளில் இடுக்கி ஐந்து நிமிடம் கண்ணை மூடினேன். கீழேயிருந்து ஆபரேட்டரின் குரல் வந்தது: "தம்பி, ஃப்ளாப்பி எங்கீங்க? மெஷின் சும்மா நிக்குது!"

பதறி எழுந்து, சேமித்து, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். கரடியின் கண்ணையும் கையையும் மாற்றவில்லை என்பது நினைவுக்கு வந்தது இரண்டரை மணிக்கு. அதற்குள் இருபது தலைகளும் இருபது கரடிகளைத் தைத்து முடித்திருந்தன.

முதலாளி ஒரு பீஸைக் கையில் ஏந்தி மாடிக்கு வந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. ஆச்சரியம்தான் இருந்தது.

"ஏனுங்க தம்பி, கரடி தூங்குதுங்களே?"

ஆமாம், தூங்கியது. இரண்டு கண்களையும் மூடி, இரண்டு கைகளிலும் இரண்டு பலூன்களைப் பிடித்தபடி, இந்த உலகத்தின் எந்தக் கவலையும் இல்லாமல் தூங்கியது. யாருக்கும் டாட்டா காட்டவில்லை.

நான் மவுஸைப் பிடிக்கப் போனேன். விரல்கள் மடங்காமல் மவுஸ் மேஜையிலிருந்து விழுந்து வயரில் தொங்கியது. எடுக்கப் போனேன். மறுபடி விழுந்தது.

பக்கத்திலிருந்து நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மாஸ்டர் என்னை இடுப்பால் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு என் இடத்தில் உட்கார்ந்தார்.

"மொதலாளி, கீழ போயி இன்னொரு இருவது பீஸ ஃபிரேம்ல மாட்டச் சொல்லுங்க. அண்ணாச்சி லீவ ரத்து பண்ணிட்டு வந்துட்டாரு."

வலது கையைத் தூக்கி மவுஸின் மேல் வைத்தார். லீவு என்பதால் கரண்டி மூன்று நாளாக மெஸ்ஸிலேயே இருந்தது. கேட்டு வாங்க நேரமில்லை. வெறும் கை. பாதிக் கரடியை அழித்தார். கண்ணைத் திறந்தார். பலூனைப் பிடுங்கினார். டாட்டா காட்டும் கையை விரல் விரலாகக் குத்தினார். அரை மணி நேரம். என்ன வேகம் என்கிறீர்கள்! மெஷின்கூட அவ்வளவு வேகமாகத் தைத்ததில்லை.

ஆனால் நான் கவனித்தது வேகத்தை அல்ல. அந்த அரை மணி நேரமும் அவர் ஒரு சத்தம்கூடப் போடவில்லை. "அண்ணாச்சி" இல்லை, "ஐயோ" இல்லை, சுதி இல்லை, தாளம் இல்லை. மேலுதட்டில் வியர்வை பூத்திருந்தது, அந்த ஏசியில்.

மூன்றரைக்கு இருபது கரடிகளும் ஒரு கண்ணைத் திறந்தன. நாலு மணிக்குக் கூரியர் வண்டி போயிற்று. வண்டி தெருமுனை திரும்பியதும் முதலாளி என்னிடம் திரும்பினார்.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன். உங்களுக்குக் கை நோவுதுங்களா?"

இல்லீங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஆமாங்க" என்று வந்துவிட்டது.

"அடடா. சொல்லியிருக்கலாமுங்களே. பாவம். அப்பச் செரி, கை நல்லாக…"

"மொதலாளி!" என்று குறுக்கே விழுந்தார் மாஸ்டர். "ஒரு கணக்குச் சொல்லுதேன், கேளுங்க. எங்க ரெண்டு பேருக்கும் சேத்து எத்தன கை?"

"நாலுங்க."

"அதுல ரெண்டு நோவு. மிச்சம்?"

"ரெண்டு."

"ரெண்டும் நல்ல கை. ஒரு முழு ஆளு சேதாரமில்லாம ஒங்க கம்பெனியில இருக்கான். அவனப் போயி எதுக்கு ஊருக்கு அனுப்புதீய?"

முதலாளி அந்தக் கணக்கை மனசுக்குள் போட்டுப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. எங்கேயோ உதைக்கிறது, எங்கே என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அப்படீங்களா? செரி. தாராபுரத்துல நம்ம சொந்தத்துல ஒரு எலும்பு டாக்டர் இருக்கறாருங்க. ஞாயித்துக்கெழமையும் பாப்பாரு. நாளைக்கு ரெண்டு பேரும் போங்க. வேலை செய்யலாம்னு அவரு எழுதிக் குடுத்தா, தம்பி திங்கக்கெழமை வாங்க. இல்லாட்டி…" அவர் முடிக்கவில்லை. எனக்கு அது காதில் விழுந்துவிட்டது.

மறுநாள் டாக்டர் முன் மாஸ்டர் வழக்கம்போல ஆரம்பித்தார். அண்ணாச்சியை அறிமுகப்படுத்தினார். சின்னவனின் சோம்பேறித்தனத்தைப் பற்றிப் புகார் சொன்னார். டாக்டர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"இதுவரைக்கும் கைக்கு என்ன கட்டுனீங்க?"

"கரண்டி."

"யோசனை தப்பில்லீங்க. குழி இல்லாம இருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்."

சிரித்தபடியே அவர் மணிக்கட்டின் உள்பக்கம் ஓரிடத்தில் கட்டை விரலால் அழுத்தினார். மாஸ்டரின் வாய் பாதிச் சொல்லில் நின்றது. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது.

"எவ்வளவு நாளா?"

"நாலு வருசம்" என்றார் மாஸ்டர், தரையைப் பார்த்து.

என் கையையும் அழுத்தினார். நான் கத்தினேன். "நல்லது. நீங்க சீக்கிரம் வந்துட்டீங்க" என்றார். எனக்கு எழுதிக்கொடுத்த தாளில், பத்து நாள் கட்டு, மேஜை உயரம் குறைக்க வேண்டும், அரை மணிக்கொரு முறை கையை எடுக்க வேண்டும், வேலை செய்யலாம் என்று இருந்தது. மாஸ்டருக்குக் கொடுத்ததில், இரண்டு மாதம் மவுஸைத் தொடக்கூடாது என்று இருந்தது.

திங்கட்கிழமை நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். முதலாளி இரண்டு தாள்களையும் படித்தார். கரடிதான் நேரத்துக்குப் போய்விட்டதே என்று என்னை நிரந்தரம் செய்தார். மேஜை உயரத்தைக் குறைக்க ஆசாரியை வரவழைத்தார். அந்த ஆசாரி ஆர்வத்தில் மேஜைக் கால்களை அதிகமாக அறுத்துவிட, ஒரு வாரம் முட்டியை மேஜைக்கு வெளியே வைத்துக்கொண்டு பஞ்சிங் போட்டேன். மாஸ்டரை அனுப்ப முதலாளிக்கு மனம் வரவில்லை, அனுப்பினால் கம்பெனியும் ஓடாது. ஆகவே இரண்டு மாதம் அவர் என் பின்னால் நின்று வாயாலேயே பஞ்சிங் போட்டார். "குத்துலே… ஏறு… ஏறு… ஏல, அது கரடி காதுலே, தோசையில்ல!" என் காது அடைத்துப்போயிற்று. அவர் கை தேறியது. பிறகு திருமணமாகி ஊர்ப் பக்கமே போய், சின்னதாய் ஒரு பஞ்சிங் சென்டர் போட்டுவிட்டார். அங்கேயும் பதினோரு மணிக்கு மெஷினுக்குத் தாளம் போடுகிறார் என்று கேள்வி.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு இவையெல்லாம் முதலில் வருவதில்லை. தாராபுரத்திலிருந்து அந்த ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்த பஸ்தான் வருகிறது.

கூட்டம். உட்கார இடமில்லை. இரண்டு பேருக்கும் வலது கையில் விறைப்பாக ஒரு கட்டு. இடது கையால் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே தொங்கினோம். நான் கேட்டேன்.

"நாலு வருசமாங்ணா? அப்பறம் எதுக்குங்ணா அத்தன கூத்து? டாக்டரப் பாத்திருக்கலாமில்லீங்ளா?"

"பாத்தா எழுதிக் குடுத்துருவாம்லா, வேலை செய்யாதேன்னு. ஊர்ல ரெண்டு தங்கச்சி இருக்கு." ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "சும்மா வலிக்குன்னு சொன்னவன வீட்டுக்கு அனுப்பிட்டாரு மொதலாளி. நீ வாரதுக்கு முந்தி இருந்த பைய. நான் பாத்தேன். சத்தம் போட்டு வலிச்சா யாரும் நம்ப மாட்டாவலே. சிரிச்சிட்டுப் போயிருவாவ."

நான் என் கையில் இருந்த கட்டைப் பார்த்தேன்.

"நீ மேசைக்கடியில கைய வச்சப்பவே தெரியும்" என்றார். "ஒனக்குச் சத்தம் போட வராது. அதான் ஒனக்கும் சேத்து நானே போட்டேன்."

அப்போது கண்டக்டர் வந்து, "டிக்கெட், டிக்கெட்" என்று எங்கள் முன் நின்றார். காசு சட்டைப் பையில். வலது கையால் எடுக்க முடியாது. இடது கையை எடுத்தால் விழுந்துவிடுவோம். மாஸ்டர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். கண்டக்டர் இரண்டு கட்டுகளையும் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் அடிச்சுக்கிட்டீங்களாக்கும்?" என்றார்.

"ஆமாய்யா. ஒரு கரடிக்காக" என்றார் மாஸ்டர். முழு பஸ்ஸும் திரும்பிப் பார்த்தது.

நான் கம்பியை விட்டேன். அவர் தோள் மேல் சாய்ந்துகொண்டு, இடது கையால் காசை எடுத்து, திருப்பூர் இரண்டு வாங்கினேன். அவர் காலை அகட்டி வைத்து என்னைத் தாங்கிக்கொண்டு நின்றார். சீட்டைப் பையில் வைத்த பிறகும் நான் அப்படியே சாய்ந்திருந்தேன், திருப்பூர் வரும் வரைக்கும். கம்பியில் இடம் இருக்கத்தான் செய்தது.